பரேலில் பிறந்த சிவப்பு மாத்திரை

சென்ற மாதம் தாராவித் தொண்ணூறடிச் சாலையின் பின்புறச் சந்து ஒன்றில், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரின் வீட்டில் அமர்ந்திருந்தேன். களப்பணிக்காகச் சென்ற இடம். அரிசி டப்பாவுக்குப் பின்னால் சிவப்பு மாத்திரை அட்டைகள் நான்கு, பிரிக்கப்படாமலே கிடந்தன. ஏன் என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். "தின்னா ஒரே கொமட்டலா வருதுக்கா. கறுப்பா வேற போவுது. சத்து மாத்திரன்னு குடுத்தாங்க. என்ன சத்து, எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல."

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. வீடு திரும்பும்போது அது உறுத்திக்கொண்டே இருந்தது. முழு விடையை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அரசு கர்ப்பிணிகளுக்கு வழங்கும் அந்த மாத்திரையில் இருப்பவை இரண்டு: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இரும்பை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. ஃபோலிக் அமிலத்தின் கதைக்கு வயது நூறுகூட ஆகவில்லை. அக்கதை தொடங்கிய இடம் அப்பெண்ணின் வீட்டுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், பரேலில் இருக்கிறது. அதன் முதல் சாட்சிகள் இந்நகரத்தின் ஏழைக் கர்ப்பிணிகளே. இன்று மாத்திரையை மறைத்து வைக்கும் பெண்ணும், அன்று அம்மாத்திரைக்கான அறிவைத் தம் குருதியால் தந்த பெண்களும் ஒரே நகரத்தவர்கள். இது பலருக்கும் தெரியாது.

பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தைப் பம்பாய்த் தமிழர்கள் பெரும்பாலும் பாம்புக்கடி மருந்தோடு சேர்த்தே அறிவர். 1896இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியபோது தடுப்பூசி உருவாக்க வந்த வால்டெமர் ஹாஃப்கின் தொடங்கிய ஆய்வகம் அது. 1899இல் பரேலின் பழைய ஆளுநர் மாளிகைக்கு இடம் பெயர்ந்தது. 1925இல் அவர் பெயரையே ஏற்றது. அம்மாளிகையைச் சுற்றிலும் அந்நாளில் துணி ஆலைகளின் புகைபோக்கிகள் நின்றன. ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஓர் அறைக்குள் ஒரு குடும்பம், சில வேளைகளில் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்தன.

இந்தியப் பெண்கள் பிரசவத்தின்போது ஏன் இவ்வளவு பெருந்தொகையாக இறக்கின்றனர் என்ற வினாவை 1920களில் விடாது எழுப்பியவர் மருத்துவர் மார்கரெட் பால்ஃபர். பம்பாய் ஆலைப் பெண்களிடம் கர்ப்பகாலத்தில் தோன்றும் கடுமையான ஓர் இரத்தசோகை அவர் கவனத்துக்கு வந்தது. அது இரும்புக் குறைவால் வரும் வழக்கமான சோகை அன்று. இரும்புக் குறைவில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறும். இந்நோயிலோ அவை அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன, எண்ணிக்கையோ மிகக் குறைந்திருந்தது. முகம் வெளுத்து, கால் வீங்கி, பசியற்று, பிரசவத்தை நெருங்கும்போது இதயம் தளர்ந்து பெண்கள் இறந்தனர். இதன் காரணத்தை ஆராய இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகத்தின் ஆதரவில் 1928இல் லண்டனிலிருந்து அழைக்கப்பட்டவர் லூசி வில்ஸ். 1888இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் கற்றபின் மருத்துவம் பயின்று, 1920இல் தகுதி பெற்று, நோய்க்குறி ஆய்வகத்தைத் தம் இடமாகக் கொண்டவர்.

அவர் வந்த ஆண்டையும் நாம் கவனிக்க வேண்டும். 1928 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பம்பாயின் துணி ஆலைகள் பொது வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்தன. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் ஆறு மாதம் கூலியின்றி இருந்தனர். பட்டினியின் நகரம் ஒன்றில்தான் வில்ஸ் தம் நுண்ணோக்கியை வைத்தார்.

தொடக்கத்தில் தொற்று ஒன்றே காரணமாக இருக்கலாம் என்று ஐயுற்றுக் குடலில் வாழும் கிருமிகளைத் தேடினார். தெளிவான விடை கிட்டவில்லை. அடுத்து அவர் செய்த காரியமே திருப்புமுனை. நோயாளிகளின் குருதியோடு அவர்களின் அடுப்பங்கரையையும் ஆராயத் தொடங்கினார். பம்பாய்ப் பெண்களின் உணவையும் வாழ்நிலையையும் பற்றிய அளவாய்வை அவரும் எஸ். என். தல்படேயும் 1930இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் வந்த முதல் அறிக்கையில் அவருடன் பெயர் பகிர்ந்தவர் எம். எம். மேத்தா. இவ்விரு இந்தியப் பெயர்களும் இன்று ஆய்வுப் பட்டியல்களின் அடியில் மட்டுமே வாழ்கின்றன. அளவாய்வு காட்டியது எளிய உண்மை. நோய் ஏழ்மையின் வழியே நடந்தது. காயும் கனியும் பாலும் மிகக் குறைவாக உண்ட ஏழை முஸ்லிம் பெண்களிடமே அது மிகுதியாக இருந்தது.

உணவில் இல்லாத அந்தப் பொருள் எது? விடை தேடிய பாதை நம் நீலகிரிக்கு வருகிறது. 1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வில்ஸ் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தில் பணிபுரிந்தார். அங்கே ராபர்ட் மெக்கரிசன் இந்தியாவின் பல வட்டாரத்து உணவுகளை எலிகளுக்கு ஊட்டி அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டு வந்தார். பஞ்சாபின் கோதுமை, பால், பருப்பு, காய்கறி உணவை உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை மட்டும் பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்தன. அக்குன்னூர் ஆய்வகமே பின்னாளில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

வில்ஸ் பம்பாய் ஏழைப் பெண்களின் உணவை ஒத்த உணவைக் கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்கும் சோகை வந்தது. உணவில் ஈஸ்ட் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது. ஆனால் அந்த எலிகளிடம் பேன் வழிப் பரவும் தொற்று ஒன்றும் கலந்திருந்தது பின்னர் தெரிந்தது. எனவே குரங்குகளிடம் சோதனையை மீண்டும் நடத்தினார். அங்கேயும் ஈஸ்ட் சாறு பலன் தந்தது.

அந்த ஈஸ்ட் சாற்றின் பெயர் மார்மைட். 1902 முதல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த பண்டம். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து காய்ச்சி எடுக்கும் கரிய, உப்புக் கரிக்கும் விழுது. ரொட்டியில் தடவித் தின்பதற்கானது. பம்பாயின் சோகை நோயாளிகளுக்கு வில்ஸ் இதைக் கொடுத்தார். சில நாள்களிலேயே பசி திரும்பியது; குருதியில் இளஞ்சிவப்பணுக்கள் பெருகின; சாவின் விளிம்பில் இருந்தவர்கள் எழுந்தனர். 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் கட்டுரை வெளியாயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் பணியாற்றியது சென்னையில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே.

இதில் விலையும் ஒரு செய்தி. 1926இல் மைனாட், மர்ஃபி என்னும் அமெரிக்க மருத்துவர்கள், வேறொரு கொடிய சோகையை ஈரலால் தணிக்கலாம் என்று காட்டியிருந்தனர். நாள்தோறும் கால்கிலோவை நெருங்கும் ஈரலை உண்பது பம்பாய் ஏழைக்கு ஆகுமா? ஈஸ்ட் சாறு மலிவானது, கெடாதது, கரண்டியில் கொடுக்கத்தக்கது. இலங்கையில் 1934-35இல் மலேரியா பேரழிவு நிகழ்த்தியபோது, சூரியமல் இயக்கத் தொண்டர்கள் பட்டினியில் வாடிய கிராம மக்களுக்கு மார்மைட்டையும் சேர்த்தே வழங்கினர். ஊட்டச்சத்துப் பொருள் ஒன்று மருத்துவமனைக் கட்டிலிலிருந்து பொதுமக்கள் நிவாரணத்துக்கு இறங்கி வந்த தருணம் அது.

வில்ஸின் அடுத்த கண்டறிதலை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். ஈரலின் கச்சாச் சாறு பம்பாய்ச் சோகையைக் குணப்படுத்தியது. நன்கு தூய்மைப்படுத்திய ஈரல் சாறு குணப்படுத்தவில்லை. ஆனால் அதே தூய சாறு மைனாட்டின் நோயாளிகளுக்கு வேலை செய்தது. ஆகவே குறைபாடு ஒன்றல்ல, இரண்டு. நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றும் நோய்களுக்கு வெவ்வேறு மருந்துகள். பம்பாய்ப் பெண்களுக்குத் தேவைப்பட்ட, இன்னும் பெயரிடப்படாத அப்பொருளை அறிவியலார் 'வில்ஸ் காரணி' என்று அழைத்தனர்.

1941இல் அமெரிக்காவின் டெக்சாஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகிய மூவர் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து அதைச் சிற்றளவில் பிரித்தெடுத்தனர். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தனர். தமிழில் சொன்னால் 'இலையமிலம்'. அதைச் செயற்கையாக உருவாக்கிய லெடர்லி ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகடா சுப்பராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். உடன்பிறந்தாரை ஸ்ப்ரூ என்னும் வெப்பமண்டலக் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். 1945இல் அவர் குழு உருவாக்கிய ஃபோலிக் அமிலம் விரைவில் அதே ஸ்ப்ரூவின் சோகைக்கும் மருந்தாயிற்று.

இப்பொருள் உடலுக்குள் என்னதான் செய்கிறது? ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன் மரபுப் பொருளைப் படியெடுக்க வேண்டும். அந்தப் படியெடுப்புக்கு ஃபோலேட் இன்றியமையாதது. அது குறைந்தால் எலும்பு மச்சையில் குருதியணுக்கள் பருக்கின்றன, பிரிய முடிவதில்லை. கர்ப்பகாலத்தில் தாயின் குருதியும் கருவும் ஒருசேர வளர்வதால் தேவை பன்மடங்கு உயர்கிறது. கீரையிலும் பருப்பிலும் ஈரலிலும் அது உண்டு. ஆனால் நெடுநேரம் வேகவைத்தால் சிதையும். வடித்துக் கொட்டும் நீரோடு போய்விடும். கருவுறுவதற்கு முன்பே உடலில் அது போதுமான அளவு இருந்தால், குழந்தையின் தண்டுவடப் பிறவிக் குறைபாடுகள் பெருமளவு தவிர்க்கப்படும் என்பதை 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பன்னாட்டு ஆய்வு உறுதிப்படுத்தியது. மில் பெண்களின் குருதியில் தொடங்கிய அறிவு உலகெங்கும் உள்ள கருக்களைக் காக்கும் அறிவாயிற்று.

ஆனால் இக்கதைக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வில்ஸ் பிரித்துக் காட்டிய மற்றக் காரணி வைட்டமின் பி12, 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் அளித்தால் குருதி தேறிவிடும். நரம்புச் சிதைவு உள்ளே தொடரும். மாட்டுங்காவின் மெஸ்களில் இலைபோட்டுச் சாப்பிட்டு வளர்ந்த மரக்கறிக் குடும்பங்களுக்கு இது வெறும் புத்தகச் செய்தி அல்ல. பி12 விலங்குணவில் மட்டுமே இயல்பாகக் கிடைப்பது. பால், தயிர் குறைந்தால் மரக்கறி உண்பவருக்கு அதுவும் குறையும். பக்கத்துப் புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தில் ஃபோலேட் மிகுந்தும் பி12 குறைந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிகுதியாகக் காணப்பட்டது. ஊட்டச்சத்துத் துணைப்பொருள் தீங்கற்றது, எவ்வளவு சேர்த்தாலும் நல்லது என்ற எண்ணம் பிழை. செம்பூர் நிலையத்தருகே மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வண்ணப்புட்டிகளை அடுக்கடுக்காகப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அவற்றின் மேலுறையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதிமுறை. அதைப் படிப்பவர் சிலரே.

சுதந்திர இந்தியா 1970இல் ஊட்டக்குறைச் சோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, இரும்பையும் ஃபோலிக் அமிலத்தையும் ஒரே மாத்திரையில் இணைத்து வழங்கியது. 2018இல் 'சோகையற்ற பாரதம்' என்ற பெயரில் அது விரிவுபெற்றது. கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் என்று அளவும் வகுக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த விளைவு என்ன? 2019-21ஆம் ஆண்டின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை, கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காடு. முந்தைய ஆய்வைவிட இரண்டும் உயர்ந்திருக்கின்றன.

மாத்திரை பொய்யா? இல்லை. விழுங்கிய உடலில் அது வேலை செய்கிறது. பம்பாய் அதை ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பித்தது. பின் ஏன் இந்த நிலை? விடையை நான் ஆய்வகத்தில் தேடவில்லை. அதே 1928இன் சட்டமன்றப் பதிவுகளில் தேடினேன்.

வில்ஸ் வந்த அந்த ஆண்டின் ஜூலையில், பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதா விவாதத்துக்கு வந்தது. அதை ஆதரித்துப் பேசியவர்களுள் ஒருவர் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலன் என்பது அவர் வாதம். 1929இல் அது சட்டமாயிற்று. இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் அது. ஆக, ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே பெண்ணுக்கு இரண்டு மருந்துகள் எழுதப்பட்டன. ஒன்று, பரேல் ஆய்வகம் எழுதிய ஈஸ்ட் சாறு. மற்றொன்று, சட்டமன்றம் எழுதிய கூலியோடு கூடிய ஓய்வு. முதலாவது உயிரை மீட்கும். இரண்டாவது, உயிர் மறுபடி அந்த விளிம்புக்கு வராமல் காக்கும். வரலாறு முதலாவதை மாத்திரையாக்கி நாடெங்கும் அனுப்பியது. இரண்டாவது ஆலை வாயிலோடு நின்றுவிட்டது. தாராவியில் வீட்டில் அமர்ந்து துணிகளுக்கு மணி கோப்பவருக்கும் இட்லி அவித்து விற்பவருக்கும் பேறுகாலக் கூலியை யார் தருவார்?

இரண்டையும் இணைக்க இந்நகரமே பிற்காலத்தில் முயன்றதுண்டு. 2006 முதல் 2012 வரை மும்பைச் சேரிகளில் 6,513 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மாத்திரைக்குப் பதில், கீரையும் பழமும் பாலும் சேர்த்த சிற்றுண்டி ஒன்று கருவுறுமுன்பே நாள்தோறும் தரப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்ற சத்துக் குறைந்த காய்களால் செய்த சிற்றுண்டி. மொத்தத்தில் குழந்தைகளின் பிறப்பு எடை உறுதியாக உயரவில்லை. ஆனால் கருவுறுவதற்கு மூன்று மாதமாவது முன்பே உண்ணத் தொடங்கியவர்களின் குழந்தைகளுக்குச் சராசரியாக 48 கிராம் கூடியது. கர்ப்பகால நீரிழிவும் 12.4 விழுக்காட்டிலிருந்து 7.3 ஆகக் குறைந்து காணப்பட்டது. பெரும் அற்புதம் இல்லை. ஆனால் உணவு உணவாகவே மருந்தாகும் என்பதற்கு மதிக்கத்தக்க சான்று. காலம் முக்கியம் என்பதற்கும்.

தாராவிக்கு அருகே, சயான் மாநகராட்சி மருத்துவமனையின் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கான விழுதை அங்கேயே தயாரித்தனர்: நிலக்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், உயிர்ச்சத்துக் கலவை. தாராவிக் குழந்தைகள் பலர் அதனால் தேறினர். இதே வகை விழுதைப் பிரான்சிலிருந்து இறக்குமதி செய்து வழங்க யுனிசெஃப் முற்பட்டபோது 2009இல் இந்திய அரசு தடுத்தது. 2017இல் மத்திய அமைச்சகம் இவ்வகை விழுது ஏற்கப்பட்ட கொள்கை அல்ல என்று மாநிலங்களுக்குத் தெரிவித்தது. வீட்டு உணவின் இடத்தைப் பொட்டலம் பிடித்துவிடும் என்பது ஒரு தரப்பின் அச்சம்; பொட்டலம் வரும்வரை குழந்தை காத்திருக்காது என்பது மறுதரப்பின் அவசரம். இரண்டிலும் உண்மை உண்டு. வில்ஸின் வரலாற்றைப் படித்தவர்க்கு இவை முரண்படா. சாகக் கிடப்பவருக்குச் சாறு, எழுந்தவருக்குச் சோறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பதே தவறு.

லூசி வில்ஸ் 1964இல் மறைந்தார். அவர் பெயர் சில பாடநூல்களில் இருக்கிறது. அவருக்குக் கை நீட்டிக் குருதி கொடுத்த பம்பாய்ப் பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. கட்டுரைகளில் அவர்கள் வெறும் எண்கள். பரேல், லால்பாக், சயான், தாராவிப் பகுதிகளில் 1920களிலும் 30களிலும் பிள்ளை பெற்ற பாட்டிமார், பூட்டிமார் பற்றிய நினைவுகள் உங்கள் குடும்பங்களில் இருந்தால், என்ன உண்டார்கள், எங்கே பிரசவம் பார்த்தார்கள், யார் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதைத் தயவுகூர்ந்து எழுதுங்கள். ஆவணக்காப்பகம் தராததை அவ்வரிகள் தரக்கூடும்.

நேற்று மீண்டும் அந்தச் சந்துக்குச் சென்றேன். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம், தேநீரோடு வேண்டாம், கறுப்பாகப் போவது இரும்பினால்தான், அஞ்ச வேண்டியதில்லை என்று சொன்னேன். பிறகு பரேல் பெண்களின் கதையையும் சொன்னேன். அவர் அட்டையைக் கையில் எடுத்து இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது நம்ம ஊரு மாத்திரதானா?" என்றார்.

ஆம். நம்ம ஊர் மாத்திரைதான்.